ஐந்தாறு வருடம் பாடம் நடத்திய ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினால்: மூன்று வழிகள், ஒரு தேர்வு

ஐந்தாறு வருடம் பாடம் நடத்திய பிறகு ஓர் ஆசிரியருக்கு வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பதும், பாடத்தைக் குறித்த காலத்துக்குள் முடிப்பதும் கைவந்துவிடும். அதற்கப்புறம்தான் இன்னொரு கேள்வி தொந்தரவு செய்ய ஆரம்பிக்கிறது. அதே பாடம், அதே கரும்பலகை, அதே எடுத்துக்காட்டு; பாதிப் பேருக்குப் புரிகிறது, மீதிப் பேருக்கு ஏன் புரிய மாட்டேன் என்கிறது? இந்தக் கேள்வியோடு அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைப் பக்கம் பார்வையைத் திருப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அங்கே பொதுவாக மூன்று வழிகள் தெரியும். முதலாவது, விடுப்பு எடுத்தோ மாலை வகுப்பாகவோ படிக்கும் எம்.எட். மாதிரியான முதுகலைப் பட்டம். இரண்டாவது, மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராய்ந்து வாங்கும் முனைவர் பட்டம். மூன்றாவது வழியில் பள்ளியை விட்டு நகர வேண்டியதே இல்லை. பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து உங்கள் வகுப்பையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறீர்கள். இதற்குச் சில துறைகள் சான்றிதழ் தரும், சில துறைகள் முதுகலைப் பட்டத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் சேர்க்கும், சில இடங்களில் கையில் ஒரு காகிதமும் கிடைக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறையிலேயே தொடரப் போகிற ஆசிரியருக்கு மூன்றாவதுதான் நல்லது. காகிதம் கிடைக்காவிட்டாலும் நல்லது. ஆனால் அது ஒழுங்காக நடக்கும் இடமாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனை சின்னதில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு விடைத்தாளைப் பார்க்கலாம். தசம எண்களில் ‘பெரியது எது?’ என்று கேட்கும் சாதாரணப் பயிற்சி. 0.8, 0.45 இரண்டில் எது பெரியது? ஒரு மாணவி 0.45 என்கிறாள். 45 என்பது 8ஐ விடப் பெரியதாயிற்றே என்பது அவள் கணக்கு. அடுத்த ஜோடி 0.736, 0.62. இங்கே 0.736 என்று சரியாகச் சொல்கிறாள், அதே தப்பான காரணத்தோடு. பக்கத்தில் இருக்கும் பையன் முதல் ஜோடியில் 0.8 என்று சரியாக எழுதுகிறான். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக் கூடத் துண்டு சின்னதாகிவிடும், அதனால் நீளமான எண் எப்போதும் சின்னது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவது ஜோடியில் 0.62 என்று எழுதித் தப்பாக்குகிறான். இந்த இரண்டு வகை ஜோடிகளும் சம அளவில் இருக்கும் தேர்வில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும். மதிப்பெண் பட்டியலில் இவர்கள் இருவரும் ஒன்று. ஆனால் மனசுக்குள் இருப்பது நேர் எதிரெதிரான இரண்டு விதிகள். ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து இன்னொருவரின் கோளாறை இன்னும் கெட்டியாக்கிவிடலாம்.

இது நானாகக் கட்டிய கதை இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் 3000க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சில வருடம் தொடர்ந்து கவனித்து, இந்தத் தப்பான விதிகளை வகைப்படுத்தினார்கள். எந்தெந்த ஜோடிகளைக் கேட்டால் எந்த விதி வெளியே தெரியும் என்று ஒரு சின்னத் தேர்வையே வடிவமைத்தார்கள். ‘நீளமானது சின்னது’ என்ற நினைப்பு மேல்வகுப்பு வரைக்கும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதில் தெரிந்தது. மெல்பர்ன் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே ஆசிரியர்களைத் தயார்செய்யும் இடமும் இந்த ஆய்வு நடந்த இடமும் ஒன்றேதான்.

ஆசிரியர் பயிற்சியும் கற்றல் ஆய்வும் சேர்ந்தே இருப்பதால் கிடைக்கும் பயன் இதுதான். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் இதைத்தான் விடுபட்டுப்போன அறிவு என்று சுட்டிக்காட்டினார். பாடத்தை அறிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று. இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் மாணவர்கள் எங்கே, எதனால் தடுக்கி விழுவார்கள் என்பதை அறிவது இரண்டிலும் அடங்காத மூன்றாவது. மூன்று வழிகளையும் நான் அளப்பது இதை வைத்துத்தான்: உங்கள் மாணவரின் விடைத்தாளை உங்களோடு உட்கார்ந்து படிக்கத் தெரிந்த ஆள் எந்த வழியில் கிடைப்பார், எத்தனை முறை கிடைப்பார்?

முதுகலைப் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் கிடைப்பது பரந்த பார்வை. வருடக்கணக்காக நாம் நம்பி வந்த சில விஷயங்கள் அங்கே உடையும், உடைய வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், அதற்கேற்பப் பாடம் நடத்த வேண்டும் என்று எத்தனை பயிற்சிகளில் கேட்டிருப்போம்! பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதை ஆதரிக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். இன்னொரு பக்கம், வலுவான சான்றுள்ள விஷயங்களும் தெரியவரும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: அவர்களுக்குப் பத்தியில் 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அப்படியே புரண்டது. படித்தவர்கள் 40 சதவீதம், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61. ‘இன்னொரு தரம் படி’ என்று சொல்லியே வீட்டுப்பாடம் கொடுத்து வந்த ஆசிரியரை இது யோசிக்க வைக்கும்.

ஆனால் இதைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். அந்தச் சோதனையில் உட்கார்ந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், படித்தவை சிறிய பத்திகள். பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் இருக்கும் வகுப்பில், பின்னங்கள் பாடத்தில், எதை நினைவிலிருந்து எழுதச் சொல்வது, எத்தனை நாள் இடைவெளி விடுவது, தப்பாக எழுதியதை எப்போது திருத்துவது? இதற்கெல்லாம் பாடநூலில் விடை இல்லை. வகுப்பில் செய்து பார்த்து, என்ன ஆனது என்று யாரோடாவது பேசித்தான் தெரிய வேண்டும். விரிவுரையும் தேர்வுமாக நடக்கும் முதுகலையில் அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளில், ஆசிரியரிடம் முதுகலைப் பட்டம் இருப்பதற்கும் அவருடைய மாணவர்களின் முன்னேற்றத்துக்கும் சீரான தொடர்பு எதுவும் தென்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கவனிக்க வேண்டிய விதிவிலக்கு ஒன்று உண்டு. கோல்ட்ஹேபரும் புரூவரும் 1997இல் பார்த்தபோது, கணித ஆசிரியர் கணிதத்திலேயே முதுகலை வாங்கியிருந்தால் கணித மாணவர்களுக்குப் பயன் தெரிந்தது. ஆக, உங்கள் பாடத்திலேயே உங்களுக்கு அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்றால், கல்வியியல் முதுகலையை விடப் பாடத்தில் முதுகலை செய்வது பயன்படலாம். இதைச் சொல்லச் சிலருக்குத் தயக்கம். எனக்கு இல்லை.

பதவி உயர்வுக்கோ ஊதிய உயர்வுக்கோ இந்தப் பட்டம் கட்டாயம் என்றால் விவாதமே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். ஆனால் சேரும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பயிற்சிக் கட்டுரைகளையும் ஆய்வேட்டையும் உங்கள் சொந்த வகுப்பை வைத்தே எழுத அனுமதி. அது கிடைத்தால் முதல் வழியே பாதி மூன்றாவது வழியாகிவிடும்.

முனைவர் பட்டத்தைப் பற்றி நல்லதாகவே சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு கேள்வியைத் துல்லியமாகக் கேட்கவும், தனக்குப் பிடித்த விடையைத் தானே சந்தேகிக்கவும் அது கற்றுத் தருகிறது. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்த ஆய்வைப் பாருங்கள். ஒரு குழு மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவுக்குக் கருத்து மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். மூன்றாவது குழுதான் ஜெயிக்கும் என்று யாருமே நினைப்போம். முன்னேறியது கருத்து மட்டும் பெற்ற குழு. மதிப்பெண்ணைக் கூடவே கொடுத்ததும் கருத்தின் பலன் போய்விட்டது. இப்படியொரு கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்கத் தோன்றுகிறதே, அதுதான் ஆய்வுப் பயிற்சி தரும் சொத்து.

அதே சமயம் இந்த வழியில் வகுப்பறையும் நீங்களும் மெல்ல மெல்லப் பிரிந்துவிடுவீர்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும். வருடங்கள் ஓடும். பகுதி நேரமாகச் செய்தால் இன்னும் ஓடும். நீங்கள் இன்று சுமந்துகொண்டு போகிற கேள்வி, நெறியாளரின் ஆர்வம், கிடைக்கும் தரவு, துறையின் வழக்கம் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்து, கடைசியில் அடையாளம் தெரியாமல் போகலாம். ஆன் பிரவுன் இதன் மறுபக்கத்தைக் காட்டியவர். நினைவாற்றலை ஆய்வகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த உளவியலாளர் அவர். பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் பள்ளி வகுப்பறைக்குள் ஆய்வைக் கொண்டுபோனார். வகுப்பறையில் ஒன்றை மாற்றினால் எல்லாமே சேர்ந்து மாறுகிறது, அதனால் வடிவமைப்பது, நடத்துவது, பார்ப்பது, திருத்தி மறுபடி வடிவமைப்பது என்று ஆய்வே சுற்றுச் சுற்றாகப் போக வேண்டும் என்று 1992இல் விரிவாக எழுதினார். கற்றல் ஆய்வில் அது ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. இந்த மரபில் வேலை செய்யும் நெறியாளர் கிடைத்தால் முனைவர் பட்டம் ஆசிரியருக்கு ஏற்ற வழிதான். மனப்பான்மை பற்றி ஒரு வினாத்தாள், நூறு இருநூறு பேரிடம் அதை நிரப்பி வாங்கி ஓர் அட்டவணை, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு’ என்று ஒரு முடிவு. இப்படியே ஆய்வேடுகள் வரும் துறையாக இருந்தால் உங்கள் கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

எதிர்காலத்தில் ஆசிரியர்களுக்கு ஆசிரியராகவோ, பாடத்திட்டம் எழுதுகிறவராகவோ, ஆய்வாளராகவோ ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்த வழி தவிர்க்க முடியாதது. அப்படி எண்ணம் இல்லாமல், பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ வரட்டும் என்பதற்காக நான்கைந்து வருடத்தைக் கொடுப்பது உங்களுக்கும் நஷ்டம், அந்த வருடங்களில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் நஷ்டம்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இதன் நன்கு தெரிந்த வடிவம் ஜப்பானின் பாட ஆய்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே இருந்து வரும் வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் தயாரிப்பார்கள். பாடக்குறிப்பில் ஆசிரியர் என்ன சொல்வார் என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர்கள் என்னென்ன விடை சொல்லக்கூடும், தப்பான விடை வந்தால் அதன் பின்னால் என்ன நினைப்பு இருக்கும் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். ஒருவர் பாடத்தை நடத்த, மற்றவர்கள் வகுப்புக்குள்ளேயே நின்று மாணவர்களைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சின் முடிவில் கருத்துச் சொல்ல வெளியாள் ஒருவர் இருப்பார். பல சமயம் அவர் பல்கலைக்கழகத்துக்காரர். தேசியப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பள்ளிகள் இப்படிப்பட்ட பாடங்களை மற்ற ஊர் ஆசிரியர்களும் வந்து பார்க்கும்படி திறந்து வைக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், கண் ஆசிரியரை விட்டு மாணவர் மேல் போவது. நம்மில் பெரும்பாலோருக்கு வகுப்புக்குள் வந்து யாராவது பார்க்கிறார்கள் என்றாலே அது மேற்பார்வைதான். குரல் எப்படி, கரும்பலகை எழுத்து எப்படி, நேரத்துக்கு முடித்தாரா என்று குறிக்கும் தாள்தான். பாட ஆய்வில் பார்வையாளர் மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒரு பெண் எதை அழித்துவிட்டு எதை எழுதினாள் என்று குறித்துக்கொள்கிறார். பாடம் நடத்திக்கொண்டிருப்பவருக்கு அந்த நோட்டைப் பார்க்க வாய்ப்பே இருந்திருக்காது.

பழக்கத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் தொழிலை ஆராய்ந்த சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இலேயே சொன்னார்: பள்ளிப் படிப்பை முடிக்கும்போதே ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருப்பார். கற்பித்தல் என்றால் இதுதான் என்ற படம் அப்போதே பதிந்துவிடுகிறது. சில நூறு மணி நேர விரிவுரை அதை அசைக்கும் என்று நான் நம்பவில்லை. அடுத்தவர் வந்து பார்த்து, மாணவரின் எழுத்தைக் காட்டி, ‘இவன் இப்படி நினைத்துத்தான் இதை எழுதியிருக்கிறான்’ என்று சொல்லும்போது அசையும்.

எண்களும் ஓரளவு இந்தப் பக்கமே சாய்கின்றன. ஆசிரியரின் வகுப்புக்கே வந்து பார்த்துத் தனித்தனியாக வழிகாட்டும் பயிற்சி பற்றிய 60 ஆய்வுகளைக் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் முறையில் சராசரியாக 0.49 திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அலகு) அளவுக்கும், மாணவர் அடைவில் 0.18 அளவுக்கும் முன்னேற்றம் தெரிந்தது. கல்வி ஆய்வில் இது மதிக்கத்தக்க அளவு. கூடவே அவர்கள் கண்டது, சிறிய திட்டங்களில் தெரிந்த பலன் பெரிய அளவில் விரிக்கும்போது சுருங்குகிறது என்பது. நல்ல வழிகாட்டிகள் எண்ணிக்கையில் குறைவு, அவசரமாக உருவாக்கவும் முடியாது.

இந்த வழியும் தோற்கும். இங்கிலாந்தில் பாட ஆய்வின் ஒரு வடிவத்தைப் பள்ளிகளில் சோதித்த பெரிய மதிப்பீடு 2017இல் வெளிவந்தது. தொடக்கப் பள்ளி மாணவர்களின் கணிதத்திலோ வாசிப்பிலோ முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. ஆசிரியர்கள் கூடிப் பேசினால் மட்டும் போதாது. அந்தக் கூட்டத்தில் தசமத்தின் இரண்டு தப்பான விதிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரையொருவர் பாராட்டிவிட்டு எழுந்துபோவோம். கருத்துச் சொல்வதே ஆபத்தில்லாத காரியம் என்றும் நினைக்கக் கூடாது. குளூகரும் டெநீசியும் 1996இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சமயங்களில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. ஆளைப் பற்றிப் பேசினால் கெடுகிறது, வேலையைப் பற்றிப் பேசினால் உதவுகிறது.

அரசுப் பல்கலைக்கழகம் இங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது ஒவ்வொரு துறைக்கும் வேறுபடும். பலம் என்னவென்றால், சாதாரணப் பள்ளிகளோடு அதற்குப் பழைய உறவு இருக்கும், பாடவாரியாக ஆட்கள் இருப்பார்கள், பக்கத்துக் கட்டடத்திலேயே கணிதத் துறையும் உளவியல் துறையும் இருக்கும். பின்லாந்து ஆசிரியர் பயிற்சியை 1970களில் முழுக்கப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்து, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டத்தையும் அதற்கான ஆய்வேட்டையும் கட்டாயமாக்கியது. ஆனால் அதோடு பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமான பயிற்சிப் பள்ளிகளையும் விடாமல் வைத்துக்கொண்டது. ஆய்வேடும் வகுப்பறையும் சேர்ந்தே நிற்கின்றன. பலவீனம், பேராசிரியர்களின் பதவி உயர்வு வெளியிடும் கட்டுரைகளைப் பொறுத்து அமைவது. ஒரு பள்ளிக்குப் பத்து முறை போய் ஓர் ஆசிரியரோடு உட்கார்வது அவர்களுடைய கணக்கில் எங்கேயும் ஏறாது. அதையும் மீறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

கண்டுபிடிக்க எளிய வழி துறை நூலகம். கடைசி நான்கைந்து வருடத்து ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். உள்ளே மாணவர்கள் எழுதிய விடைகள், அவர்கள் பேசிய வரிகள் இருக்கின்றனவா, அட்டவணைகள் மட்டும்தானா? நெறியாளர் பக்கத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து, உள்ளே குழந்தைகளின் குரலும் இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது ஒரு பள்ளி வகுப்பில் உட்கார்ந்தார், பாடம் முடிந்ததும் ஆசிரியரோடு என்ன பேசினார் என்று நேராகவே கேளுங்கள். சுற்றி வளைக்காமல் பதில் வந்தால் அவர்தான் ஆள். அவர் முதுகலையில் பாடம் எடுத்தாலும் சரி, முனைவர் பட்ட நெறியாளராக இருந்தாலும் சரி, பள்ளிக் கூட்டுத் திட்டத்தில் இருந்தாலும் சரி, அந்த வழியிலேயே போகலாம்.

அப்படி யாரும் இல்லை என்றால், இரண்டாம் தேர்வாக உங்கள் வகுப்பை வைத்து ஆய்வேடு எழுத விடும் பகுதிநேர முதுகலையைச் சொல்வேன். கூடவே பள்ளியில் மனம் ஒத்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரியுங்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் போவதைக் கடைசியில் வைப்பேன். விடைத்தாள்களே இல்லாத இடத்துக்குப் போய் விடைத்தாளைப் படிக்கக் கற்பது கஷ்டம்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்து பாருங்கள். அடுத்து நடத்தப் போகும் பாடத்தில் ஒரு சின்னத் தேர்வு வைத்து, தாள்களை மதிப்பெண் போடாமல், தப்பின் வகையை வைத்து அடுக்குங்கள். அடுக்கி முடித்ததும் ‘நாளைக்கு இவர்களுக்கு என்ன செய்வது?’ என்று மனசு பரபரத்தால் மூன்றாவது வழி. ‘இது எல்லா வகுப்பிலும் இப்படித்தானா, எந்த வயதில் ஆரம்பிக்கிறது, ஏன்?’ என்று கேள்வி விரிந்துகொண்டே போனால் முனைவர் பட்டத்துக்கு நீங்கள் தயார். தப்பு எதனால் வந்தது என்று உங்களுக்கே பிடிபடாமல், பாடத்தையே மறுபடி படிக்க வேண்டும் போலத் தோன்றினால் உங்கள் பாடத்தில் முதுகலை.